அச்சு ஒன்று, வண்டி பல

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று மலர்க் குழுவின் செயலாளர் எழுதியபோது, பழைய மாணவன் ஒருவனிடம் வழக்கமாக எதிர்பார்க்கப்படுவது யாதென நான் அறியாதவனல்லன். அதிபரின் கண்டிப்பு, விடுதியின் இடியப்பம், துடுப்பாட்டத்திற் கடைசிப் பந்திற் பெற்ற வெற்றி ஆகியவற்றை என்னினும் நன்கு எழுத வல்லார் பலர் உளர். அவர்கள் எழுதியும் இருப்பர். நான் எழுதப் புகுவது ஒரு விளையாட்டுப் பொருளைப் பற்றி. எழுபது வயதைக் கடந்த கணக்காளன் ஒருவன், இலண்டன் மாநகரின் புறத்தே, தன் வீட்டு மேலறையில் நூற்றுநாற்பது பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறான் என்றும், அவற்றுள் இருப்பவை பிளாஸ்ரிக் மோட்டார் வண்டிகளே என்றும் கூறினால், நகைப்பார் நகைக்கட்டும். என் மனைவியார் நாற்பது ஆண்டுகளாக நகைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

இன்றைய மாணவர்க்கு இப்பொருள் இன்னதென விளக்குதல் வேண்டும். உண்மையான காரையோ விமானத்தையோ அளந்து, இருபத்தைந்தில் ஒன்றாகவோ முப்பத்திரண்டில் ஒன்றாகவோ சுருக்கி, கூரை, கதவு, சில்லு, இருக்கை எனப் பிரித்துப் பிளாஸ்ரிக்கில் வார்க்கிறார்கள். துண்டுகள் யாவும் ஒரு சட்டத்திற் காய்கள்போல் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றை அறுத்தெடுத்து, விளிம்பைத் தேய்த்து, பசையிட்டுப் பொருத்தி, வர்ணம் பூசினால் வண்டி உருவாகும். பழைய மாதிரிகளைப் பெட்டி குலையாமற் சேகரிப்பது எம் போன்றோரின் தொழில். ஓய்வுபெற்றவனுக்கும் தொழில் ஒன்று வேண்டுமல்லவா?

இக்கலை பிறந்த கதையிலே வணிகமும் தற்செயலும் கலந்திருக்கின்றன. அங்கேரி நாட்டிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த நிக்கொலாஸ் கோவ் என்பவர் 1939ஆம் ஆண்டில் எயார்பிக்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கியபோது, காற்றடைக்கும் இறப்பர் விளையாட்டுப் பொருள்களையே செய்தார். போருக்குப் பின்னர் பிளாஸ்ரிக்கை உருக்கி அச்சினுட் செலுத்தும் இயந்திரத்தை வாங்கிச் சீப்புச் செய்தார். சீப்புச் செய்தவரிடம் 1949ஆம் ஆண்டில் ஹரி பேர்கசன் நிறுவனத்தார் தம் உழவு இயந்திரத்தின் சிறு மாதிரி ஒன்றைச் செய்து தரும்படி கேட்டனர். விற்பனையாளர் கையிற் கொண்டுசென்று காட்டுவதற்காக. அதனைத் தொழிற்சாலையிலே பொருத்தி முடிப்பதற்குக் கூலி மிகுதியாயிற்று. பின்னர் அதையே பொருத்தாத துண்டுகளாகக் கடைகளில் விற்றனர். பொருத்தும் வேலையை வாங்குபவன் தலையிற் கட்டிவிட்டு அதற்கு அவனிடமே காசும் வாங்கலாம் என்னும் அரிய வணிக உண்மை இவ்வாறு வெளிப்பட்டது! கிளிநொச்சி வயல்களிலே சிவப்பு நிறப் பேர்கசன் இயந்திரங்களைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு அந்த முதல் மாதிரியின்மீது தனிப் பிரியம் உண்டாவது இயல்பு. ஆனால் அது செலுலோஸ் அசற்றேற்று என்னும் பொருளாற் செய்யப்பட்டது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது வெயிலிற் காய்ந்த ஓலைபோல் முறுகிவிடும். பின்னர் வந்த பொலிஸ்ரைரின் அவ்வாறு வளைவதில்லை.

சேகரிப்போனுக்குப் பெட்டியே முதன்மை என்று பலர் எண்ணுகின்றனர். பெட்டியின் மேலுள்ள ஓவியம் அழகியதுதான். எயார்பிக்ஸ் நிறுவனத்துக்காக 1964ஆம் ஆண்டுமுதல் வரைந்த றோய் குறொஸ் என்பவரின் விமான ஓவியங்களைச் சுவரில் மாட்டுவோர் உண்டு. ஆயினும் இத்தொழிலின் உயிர் பெட்டியிலும் இல்லை, பிளாஸ்ரிக்கிலும் இல்லை. உருக்கிலே வெட்டப்பட்ட அச்சில் இருக்கிறது. ஒரு மாதிரிக்குரிய பிளாஸ்ரிக்கின் விலை மிகச் சிறிது. அச்சை வெட்டுவதற்கோ தேர்ந்த கம்மியர் பல மாதங்கள் உழைத்தல் வேண்டும். எனவே கம்பனி முறிந்தாலும் அச்சை எவரும் எறிவதில்லை. விற்பர், வாங்குவர், கப்பலேற்றுவர், களஞ்சியத்தில் வைத்து மறப்பர். என்றோ ஒருநாள் அதனைத் துடைத்து எண்ணெயிட்டு, மீண்டும் இயந்திரத்தில் ஏற்றிப் பழைய வண்டியைப் புதிதாக வார்ப்பர். இதற்கு மறுவெளியீடு என்று பெயர்.

எயார்பிக்ஸின் அச்சுக்கள் பட்ட அலைச்சலை நோக்குங்கள். 1981ஆம் ஆண்டில் நிறுவனம் நொடிந்தது. அமெரிக்கக் கம்பனி ஒன்று வாங்கி, அச்சுக்களைப் பிரான்சு நாட்டின் கலே நகருக்குக் கொண்டுசென்றது. 1986ஆம் ஆண்டில் வர்ணம் விற்கும் ஹம்புறோல் வாங்கிற்று. அதுவும் 2006ஆம் ஆண்டில் விழ, ரயில் மாதிரிகளுக்குப் பெயர்பெற்ற ஹோண்பி வாங்கிற்று. இன்று அந்நிறுவனம் தன் பழைய அச்சுக்களிற் பலவற்றைப் பழைய ஓவியங்களோடு ஒரு தனி வரிசையாகவே வெளியிட்டு வருகின்றது.

இதனினும் விந்தையானது புரொக் என்னும் நிறுவனத்தின் கதை. பெயரின் பொருள் தவளை. தரையிலிருந்து நேரே பறக்கும் என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களாலும் அப்பெயர் அமைந்தது. பறக்கும் மாதிரிகளைச் செய்த அவர்கள் 1936ஆம் ஆண்டிலே, பறவாது மேசையில் நிற்கும் விமான மாதிரிகளைப் பிளாஸ்ரிக்கிற் செய்து, அவற்றுக்குப் பறக்கமாட்டாத பறவையாகிய பென்குவினின் பெயரைச் சூட்டினர். பிளாஸ்ரிக் பொருத்து மாதிரிகளுக்கெல்லாம் மூத்தவை அவையே எனக் கொள்ளப்படுகின்றன. எழுபதுகளில் அத்தொழில் தளர்ந்தபோது, அச்சுக்களிற் பெரும்பகுதி சோவியத் ஒன்றியத்துக்குச் சென்றது. ஆனால் போரில் எதிரணியில் நின்ற ஜேர்மனி, இத்தாலி, யப்பான் ஆகிய நாடுகளின் விமான அச்சுக்கள் அங்குச் செல்லவில்லை. அவற்றை றெவெல் நிறுவனம் பெற்றது. உருக்குக் கட்டிகளும் போரின் பக்கம் பார்த்துப் பிரிக்கப்பட்டன! சோவியத் சென்றவை பல தொழிற்சாலைகளுக்குச் சிதறி, முரட்டுத் தாளும் மங்கிய அச்சும் கொண்ட பொதிகளாய், இலட்சக்கணக்கான சிறுவர்களின் கைகளை அடைந்தன. என்னிடம் அவ்வாறான பொதி ஒன்று உண்டு. அதன் தாளில் ஒரு சொல்லும் எனக்கு விளங்காது. உள்ளே இருப்பதோ பிரித்தானியக் கம்மியன் வெட்டிய விமானம்.

எல்லா அச்சுக்களுக்கும் இவ்வாறு மறுபிறவி வாய்ப்பதில்லை. அமெரிக்காவில் ஏ.எம்.ரி. முதலிய நிறுவனங்கள் ஒவ்வோர் ஆண்டும் புதிய கார்கள் சந்தைக்கு வரும் காலத்தில், கார் விற்கும் கடைகளுக்கென அவற்றின் சிறிய மாதிரிகளைச் செய்து கொடுத்தன. 1958ஆம் ஆண்டு தொடக்கம் அதே அச்சுக்களைக் கொண்டு பொருத்து மாதிரிகளையும் விற்றன. மறு ஆண்டு உண்மைக் காரின் முகப்பும் பின்விளக்கும் மாறும். அப்போது புதிய அச்சு வெட்டாது, பழைய அச்சையே திருத்தி வெட்டினர். 1961இன் காரை 1962இன் காராக்கியபின், 1961இன் கார் உலகில் இல்லை. விற்றவை விற்றவைதாம். இதனாலேயே அவ்வாண்டு மாதிரிகளுக்குச் சேகரிப்போர் கொடுக்கும் விலையைக் கேட்டால் நம் ஊர்ப் பெற்றோர் காதைப் பொத்திக்கொள்வர். அண்மைக் காலத்தில், அச்சுக்களின் இன்றைய உரிமையாளர், பொருத்தப்படாத பழைய மாதிரிகளைத் தேடிப் பெற்று அளந்து, அழிந்த பகுதிகளைப் புதிய உருக்கில் வெட்டி வெளியிடுகின்றனர். அது மறுவெளியீடா, நகலா என்று எம்மவர் கூடும் இடங்களிலே ஒரு பிற்பகல் முழுவதும் வழக்காடுவதைக் கேட்டிருக்கிறேன். தேநீர் ஆறிவிடும், வழக்கு ஆறாது.

ஒரு மாதிரி மறுவெளியீடாக வருகிறது என்ற செய்தி பரவியதும், அதன் பழைய பெட்டியை வைத்திருப்போர் முகம் வாடும். நேற்று நூறு பவுண் பெற்றது இன்று நாற்பதுக்கும் போகாது. சிலர் உற்பத்தியாளரைத் திட்டுவர். கணக்காளனாகிய என்னால் அவர் துயரத்தை விளங்கிக்கொள்ள முடியும், ஒப்புக்கொள்ள முடியவில்லை. இரண்டு சிலிங்குக்குச் சிறுவன் வாங்கி ஞாயிற்றுக்கிழமை ஒட்டி முடிக்கவென்று செய்யப்பட்ட பொருள் அது. அவ்விலையிலே இன்னொரு சிறுவனுக்கு அது மீண்டும் கிடைப்பது எங்ஙனம் அநீதியாகும்?

ஆனால் ஒன்றை வற்புறுத்துவேன்: மறுவெளியீடு தன்னை மறுவெளியீடென்றே கூறிக்கொள்ளல் வேண்டும். பழைய பெட்டியிலே புதிய வார்ப்பை இட்டு, மேலே கண்ணாடித் தாளைச் சுற்றி, திறக்கப்படாத மூலமென்று விற்போர் உளர். வண்டியின் அடித்தட்டில் ஓர் ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். அஃது அச்சு வெட்டிய ஆண்டேயன்றி, அத்துண்டு வார்த்த ஆண்டன்று. இதனை அறியாது ஏமாந்தவர் பலர். அடித்தட்டைத் திருப்பிப் பார்த்தால், பழைய நிறுவனத்தின் பெயர் வெட்டி நீக்கப்பட்ட வடுவும் சிலவேளை தெரியும். துண்டுகளின் ஓரத்தில் சவ்வுபோற் படர்ந்த மெல்லிய பிளாஸ்ரிக் இருப்பின், அச்சின் இரு பாதிகளும் தேய்ந்து இறுகப் பொருந்தாத காலத்தில் வார்த்ததென அறியலாம்.

இனி, இச்சேகரத்துக்கு எப்படி ஆளானேன் என்பதையும் கூறவேண்டும். அறுபதுகளின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி முடைப்பட்டு, இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த காலம். நான் கீழ் வகுப்பில் இருந்தேன். இலண்டனிலிருந்து விடுமுறையில் வந்த மாமா, எனக்கும் என் தமையனாருக்கும் சேர்த்து ஒரு பொலித்தீன் பையைத் தந்தார். மேலே மடித்துக் கம்பியால் தைத்த படத்தாள். உள்ளே எயார்பிக்ஸ் செய்த ரயம்ப் ஹெரால்ட் கார், முப்பத்திரண்டில் ஒன்று. முடித்தால் ஐந்து அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. நானும் அண்ணரும் இரண்டு மாலைகளில் அதைப் பொருத்தினோம். சில்லு வைப்பது யார் என்பதிற் சண்டை வந்தது. அம்மா தீர்த்து வைத்தார். விளம்பரப் பலகை எழுதுபவரிடம் இரந்து பெற்ற நீல வர்ணத்தை அண்ணர் பூசினார். அவருக்குக் கை நடுங்குவதில்லை.

உண்மையான ஹெரால்ட் 1959ஆம் ஆண்டில் வந்தது. இத்தாலியரான மிக்கெலொற்றி வடிவமைத்தது. முன்மூடி முழுவதும் முன்புறமாகத் திறந்து, இயந்திரம் முழுவதும் வெளியே தெரியும்; இருபத்தைந்து அடி வட்டத்துள் திரும்பிவிடும். சென்னையிலும் 1961ஆம் ஆண்டுமுதல் அதனைப் பொருத்தி விற்றனர். இருபுறமும் பனையோலை வேலி நெருங்கிய எங்கள் ஒழுங்கைகளிற் காரைத் திருப்ப முயன்றவர்க்கே அவ்விருபத்தைந்து அடியின் அருமை தெரியும். 1974ஆம் ஆண்டில் அண்ணர் பழைய ஹெரால்ட் ஒன்றை வாங்கினார். அதுவும் நீலம். சிறியது அலுமாரியின் மேலும், பெரியது தாழ்வாரத்திலும் நின்றன. அதே ஆண்டில் நான் இங்கிலாந்துக்குப் புறப்பட்டேன்.

தொண்ணூறுகளில் வடக்கே பெற்றோல் இல்லாமற் போனபோது, யாழ்ப்பாணத்து மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ்களும் மண்ணெண்ணெயில் ஓடியமை உலகறிந்தது. சிறு போத்தலிலுள்ள பெற்றோலைச் சில துளி விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அண்ணரின் ஹெரால்டும் அவ்வாறே ஓடிற்று. அவ்வினக் காருக்கு முன்சில்லைத் தாங்கித் திரும்பும் வெண்கல முளை ஒன்று உண்டு, அதற்குக் கிறீசு ஆகாது, எண்ணெயே இடல் வேண்டும், இடாவிட்டால் முறியும். புதியது வாங்க வழியில்லை. கடைச்சற் பட்டறையில் ஒருவர், தேய்ந்த முளையை அளந்து பித்தளையிற் கடைந்து கொடுத்தாராம். பல மாதம் கழித்து வந்த கடிதத்தில் அண்ணர் இதை இரண்டு பக்கங்களுக்கு எழுதியிருந்தார்; தம் உடல்நலத்தைப் பற்றி ஒரு வரி.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் எல்லோரும் வெளியேறியபோது, அண்ணரும் குடும்பத்தினரும் சைக்கிள்களில் தென்மராட்சிக்குச் சென்றனர். காரை விட்டுச் சென்றனர். மறு ஆண்டு திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை, காருக்குச் சில்லும் கண்ணாடியும் இருக்கையும் இல்லை, அலுமாரியே இல்லை. அலுமாரி இல்லாதபோது அதன்மேல் நின்ற ஐந்தங்குலக் காரைப் பற்றி யார் கேட்பார்? நான்தான் கேட்டேன். அவர் சிரித்ததாக மருமகள் சொன்னாள். பெரிய காரை ஆறு ஆண்டுகளில் மீண்டும் ஓடச் செய்தார். ஒரு கதவு வேறொரு காருடையது. இருக்கை உள்ளூர்த் தச்சர் செய்தது. கண்ணாடி கொழும்பிலிருந்து வந்தது. அது மூல ஹெரால்டா என்று என் சேகரிப்பு நண்பர் எவரும் அவரிடம் கேட்டிருந்தால், சாவியைக் கொடுத்து ஓட்டிப் பாரும் என்றிருப்பார்.

என் சேகரிப்பு உண்மையில் அக்காலத்திலேயே தொடங்கிற்று. எங்கும் தேடி, தைத்த கம்பி துருப்பிடித்த அதே பையொன்றை வாங்கினேன். கொடுத்த விலையை மனைவியாரிடம் இன்றுவரை சொல்லவில்லை. அண்ணருக்கு அனுப்ப மனம் வரவில்லை, தபாலிற் போய்விட்டால்? சில ஆண்டுகளின் பின் எயார்பிக்ஸ் ஹெரால்டை மறுவெளியீடு செய்தது. பெட்டியுடன் வர்ணமும் தூரிகையும் பசையும் சேர்த்து விற்றனர். இரண்டு வாங்கி, ஒன்றை ஊருக்குச் சென்ற நண்பரிடம் கொடுத்தனுப்பினேன். அறுபதைக் கடந்த அண்ணர் ஒரே நாளிற் பொருத்தி, நீல வர்ணம் பூசி, ஒளிப்படம் எடுத்தனுப்பினார். தாழ்வாரத்துக் காரின் முன்மூடிமேல் அது நிற்கிறது. சில்லை இம்முறை தாமே வைத்ததாகக் குறிப்பும் எழுதியிருந்தார்.

அவ்வொளிப்படத்தை எங்கள் கூட்டத்தில் ஒருவரிடம் காட்டினேன். நல்ல மனிதர், ஆனால் அவர் முதலிற் சொன்னது, அது மறுவெளியீடாகையால் மதிப்பில்லை என்பது. நான் மறுமொழி கூறவில்லை. அச்சு அதே அச்சு. எங்கள் அலுமாரிமேல் நின்ற காரின் கூரைவளைவை வெட்டிய அதே உருக்கின்மீதே அண்ணரின் இரண்டாவது காரும் உறைந்து வடிவு பெற்றது. அந்த உருக்கு நாடுவிட்டு நாடு போய், கைமாறிக் கைமாறி, அழியாதிருந்தது. எங்கள் வீட்டிலிருந்த எந்தப் பொருளைப் பற்றியும் அவ்வாறு சொல்ல எனக்கு வழியில்லை. ஒளிப்படங்கள் இல்லை, அம்மாவின் தையல் இயந்திரம் இல்லை, தேர்ச்சி அறிக்கைகளும் இல்லை.

அண்ணர் 2017ஆம் ஆண்டில் மறைந்தார். பெரிய ஹெரால்டை மருமகன் ஓட்டுகிறான். சிறியது அவன் மகளிடம் இருக்கிறது. ஒரு சில்லைக் கழற்றிவிட்டாளென்று கேள்வி.

நம் கல்லூரியிலே மாணவர்க்குப் பொழுதுபோக்கு மன்றம் ஒன்று மீண்டும் தொடங்கப்பட்டுள்ளதென அறிந்து, பன்னிரண்டு மாதிரிகளை அனுப்பியிருக்கிறேன். பதினொன்று மறுவெளியீடுகள். பன்னிரண்டாவது, துருப்பிடித்த கம்பியுடன் கூடிய அந்தப் பை. அதனைக் கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டவேண்டாமென்று பொறுப்பாசிரியருக்கு எழுதியிருக்கிறேன். தம்பிகளே, கம்பியைக் கழற்றிப் பொருத்துங்கள். நீரில் ஊறவைத்து ஒட்டும் படங்கள் பழுத்து மஞ்சளாகியிருப்பின், யன்னற் கண்ணாடியில் வெயில்படச் சில நாள் ஒட்டி வையுங்கள், வெளுத்துவிடும். மென்மையான ரயர் உள்ள வண்டிகளில் ரயர் பிளாஸ்ரிக்கைத் தொட்டபடி பல ஆண்டு கிடந்தால் அதை உருக்கித் தின்றுவிடும். ஆகவே வெவ்வேறு பைகளில் இடுங்கள். பசையை மட்டும் அனுப்ப முடியவில்லை. எளிதில் தீப்பற்றும் பொருளென்று விமானத்தில் ஏற்றமாட்டார்கள். அங்கேயே வாங்குவதற்குப் பணம் அனுப்பியிருக்கிறேன். ஒட்டும்போது யன்னல்களைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.